காசில்லாத காரியக்காரர்: வெளிநாட்டு உதவியை ஒருங்கிணைக்கும் தூதர் என்னதான் செய்கிறார்?

“அமெரிக்காக்காரன் உக்ரைனுக்குக் கொட்டிக் கொடுத்தான்”, “இலங்கைக்கு நம்ம ஆளுக அள்ளிக் கொடுத்தாக” என்ற பேச்சு காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழும். கொட்டுவதும் அள்ளுவதும் ரொக்கப் பணம் என்பதில் பேசுகிறவருக்குச் சந்தேகமே கிடையாது. தூதர் ஒருவர் கோட்டும் சூட்டுமாகப் போய் இறங்குகிறார், காசோலையை நீட்டுகிறார், போட்டோ எடுக்கிறார்கள், மறுநாள் அந்த நாட்டு மந்திரி அதை மாற்றிச் செலவழிக்கிறார். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலும் இதே கதையைத்தான் கொஞ்சம் இலக்கணச் சுத்தமாகச் சொல்கிறார்கள்.

நடப்பது வேறு. அதிலும் நேற்றுதான் விடுதலை பெற்ற ஒரு நாட்டுக்கு உதவி போகும்போது, பணம் கைமாறுவது மொத்தக் கதையில் ஒரு மூலை. மீதியைப் பார்த்துக்கொள்ளத்தான் ‘உதவி ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒரு தூதரை உட்கார வைக்கிறார்கள். அந்த ஆளின் வேலையை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை. பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

நாலு பேர் மணி வாங்கிக் கொடுத்தால்

நம் பக்கத்தில் ஓர் ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் சென்னையில், மீதியில் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். கடிதம் போனதும் எல்லோரும் மனமுவந்து கொடுக்கிறார்கள். ஒருவர் மண்டபம், ஒருவர் வெள்ளிக் கவசம், நாலு பேர் மணி. சாக்கடைக் குழாய்க்கும் கழிப்பறைக்கும் ஓதுவார் சம்பளத்துக்கும் ஒருவரும் எழுதவில்லை. இந்த இடத்தில்தான் குடமுழுக்கு வேலையை முன்நின்று பார்க்கும் காரியக்காரர் போனை எடுக்கிறார்.

“அண்ணே, மணிக்கு ஏற்கெனவே மூணு பேரு எழுதியாச்சு. நீங்க குழாய்க்கு எழுதுங்களேன்.”

“குழாயில என் பேரை எங்கப்பா போடுவ?”

சிரிப்பு வந்தாலும் பிரச்சினை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. காரியக்காரரிடம் சொந்தக் காசு இல்லை. கொடுப்பவரை அதட்டவும் முடியாது. முகம் சுண்டினால் அவர் வேறு கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். காரியக்காரர் கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். யார் எதற்கு எவ்வளவு எழுதியிருக்கிறார், எது இரண்டு தடவை வருகிறது, எதற்கு ஆளே இல்லை என்பது முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருடைய பலமும் அதுதான்.

இந்த ஒப்புமை ஓர் எல்லை வரைக்கும்தான் வரும். கோயிலுக்குக் கொடுப்பவர்கள் எல்லோரும் அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள். நாடுகள் அப்படியில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்கு, தனிப் பகை, தனி வியாபாரம். அதனால்தான் இந்த வேலைக்குக் கணக்குப் பிள்ளையைப் போடாமல் தூதரைப் போடுகிறார்கள்.

புது நாட்டிடம் எது இருக்காது?

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. ஒரே நாடாக இருந்த இடத்தில் 15 நாடுகள். கொடியும் தேசிய கீதமும் சீக்கிரம் கிடைத்துவிட்டன. மற்றவை கிடைக்கவில்லை.

பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை எல்லோருக்கும் ரூபிள். எஸ்தோனியா 1992 ஜூனில் சொந்த நாணயம் வெளியிட்டது. கிர்கிஸ்தான் 1993 மே மாதம். உக்ரைன் சில வருடம் தற்காலிகக் கூப்பன் தாளை ஓட்டிவிட்டு, 1996 செப்டம்பரில்தான் இன்றைய ஹ்ரிவ்னியாவுக்கு வந்தது. சுங்கச் சாவடி எங்கே வைப்பது, மத்திய வங்கியை நடத்தத் தெரிந்தவர் யார், வரிச் சட்டத்தை யார் எழுதுவது என்பதெல்லாம் மாஸ்கோவில் முடிவான விஷயங்கள். இப்போது அந்தந்தத் தலைநகரம் பார்த்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு உக்ரைன், கஜகஸ்தான், பெலாரூஸ் மூன்றின் மண்ணிலும் சோவியத் அணு ஆயுதங்கள் நின்றன.

ஆகவே போகவேண்டிய உதவியும் பல தினுசு. பட்டினி, குளிர், நோய்க்கு உடனே அனுப்பும் சாப்பாடும் மருந்தும் மனிதாபிமான உதவி. வரிச் சட்டம் எழுதவும் வங்கி நடத்தவும் ஆள் அனுப்பிக் கற்றுக்கொடுப்பது தொழில்நுட்ப உதவி. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேராகக் கொடுத்தால் இருதரப்பு உதவி. உலக வங்கி, பன்னாட்டு நிதியம் போன்ற பொது அமைப்பு வழியாகப் போனால் பலதரப்பு உதவி. இந்த நாலு சொல் தெரிந்தால் செய்தித்தாளில் பாதி புரியும்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். புது நாட்டுக்குக் காசுக்கு முன்னால் நிர்வாகம் வேண்டும். கொடுக்க வருபவர்கள் பலர். அவர்களுக்குள் பேச்சு இல்லாவிட்டால் நாலு மணியும் ஓட்டைக் குழாயும்தான் மிஞ்சும்.

1992-ல் பிறந்த பதவி

1992 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் வாஷிங்டனில் ஒரு கூட்டம் கூட்டினார். 47 நாடுகள் வந்தன. பன்னாட்டு அமைப்புகளும் வந்தன. இதற்குப் பெயர் கொடையாளர் கூட்டம். கொடுப்பவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளும் கூட்டம். அதே ஆண்டு லிஸ்பனிலும் டோக்கியோவிலும் தொடர்ச்சி நடந்தது. பிப்ரவரி 10 அன்று ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் பக்கத்து ரைன்-மைன் விமானத் தளத்திலிருந்து ராணுவ விமானங்கள் உணவும் மருந்தும் ஏற்றிக் கிளம்பின. வளைகுடாப் போருக்குத் தயாரித்து மிஞ்சிய சாப்பாட்டுப் பொட்டலங்களும் அதில் இருந்தன. இந்த முதல் கட்ட வேலையை ரிச்சர்ட் ஆர்மிடேஜ் தூதர் அந்தஸ்தோடு பார்த்துக்கொண்டார்.

அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ‘ஃப்ரீடம் சப்போர்ட்’ சட்டத்தை நிறைவேற்றியது. பால்டிக் நாடுகள் மூன்றை (எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா) விட்டுவிட்டு, மற்ற 12 நாடுகளுக்குமான உதவிச் சட்டம் இது. வெளியுறவுத் துறைக்குள் ஓர் ஒருங்கிணைப்பாளரை அதிபர் நியமிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதினார்கள். எந்த நாட்டில் எதை முதலில் செய்வது என்று திட்டம் போடுவது, தன் அரசின் துறைகள் ஒன்றை ஒன்று இடிக்காமல் பார்ப்பது, இடித்தால் பஞ்சாயத்துச் செய்வது, மற்ற நாடுகளோடு பேசி ஒத்துப்போவது என்று அந்தச் சட்டம் அவருக்குக் கொடுத்த வேலைகளைச் சுருக்கிச் சொல்லலாம். பின்னால் தாமஸ் சைமன்ஸ், ரிச்சர்ட் மார்னிங்ஸ்டார், வில்லியம் டெய்லர் எனப் பலர் இந்தப் பொறுப்பில் இருந்தார்கள். டெய்லர் 2002 முதல் காபூலுக்கும் பாக்தாத்துக்கும் இதே மாதிரி வேலைக்குப் போய், 2006-ல் உக்ரைனுக்குத் தூதரானார்.

மேலே சொன்ன வேலைகளில் ‘துறைகள் இடிக்காமல் பார்ப்பது’ என்பதைப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் முழு வேலையும் என்று தோன்றுகிறது. அமெரிக்க உதவி ஒரே பையிலிருந்து வருவதில்லை. கோதுமை வேளாண் துறையுடையது. அணுப்பொருள் பாதுகாப்பு எரிசக்தித் துறையுடையது. ஏவுகணைகளைக் கழற்றும் செலவு பாதுகாப்புத் துறையுடையது. கடன் பேச்சு நிதித்துறையுடையது. பெரும்பகுதித் திட்டங்களை நடத்தியது யூஎஸ்எய்ட் என்ற உதவி நிறுவனம். (அந்த நிறுவனத்தை 2025-ல் மூடி, மிச்ச வேலையை வெளியுறவுத் துறையே எடுத்துக்கொண்டது.) ஒவ்வொரு துறைக்கும் தனி ஒதுக்கீடு, அதாவது ‘இந்தப் பணத்தை இந்த வேலைக்குத்தான் செலவழிக்கலாம்’ என்று நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்த தொகை. ஒருங்கிணைப்பாளர் நினைத்தால் கோதுமைப் பணத்தை எடுத்து மின்நிலையத்துக்குப் போட்டுவிட முடியாது. துறைச் செயலாளர்கள் யாரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களும் கிடையாது. அவரிடம் நோட்டு மட்டும்தான்.

ஒரு மூட்டை கோதுமை போகிற வழி

1992-93 குளிர்காலத்து ஆர்மீனியாவைப் பாருங்கள். 1988 டிசம்பர் பூகம்பத்துக்குப் பிறகு மெட்சமோர் அணுமின் நிலையத்தை மூடியிருந்தார்கள். கிழக்கே அஜர்பைஜானோடு போர். அந்தப் பக்கத்து ரயிலும் எரிவாயுவும் நின்றுவிட்டன. மேற்கே துருக்கி எல்லையும் 1993 ஏப்ரலில் அடைபட்டது. மிச்சமிருந்த ஒரே எரிவாயுக் குழாய் வடக்கே ஜார்ஜியா வழியாக வந்தது. அதற்கும் அடிக்கடி வெடிவைத்தார்கள். தலைநகர் யெரெவானில் மின்சாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம். ஜனங்கள் பூங்கா மரங்களை வெட்டி அடுப்பு மூட்டினார்கள்.

அங்கே கோதுமை வேண்டும். அமெரிக்காவில் கோதுமை குவிந்து கிடக்கிறது. அனுப்பினால் முடிந்ததுதானே?

முதலில் சட்டம். உதவித் தானியத்தை அமெரிக்க விவசாயியிடம்தான் வாங்க வேண்டும். அதில் முக்கால் பங்காவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்பது அப்போதைய விதி (2012-ல் பாதியாகக் குறைத்தார்கள்). அந்தக் கப்பல்களுக்கு வாடகை கூடுதல். அதாவது ‘உதவி’ என்று கணக்கில் எழுதிய டாலரில் ஒரு பகுதி அமெரிக்கக் கரையைத் தாண்டுவதே இல்லை. இதைத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது, எல்லாம் சட்டப்படி. ஆனால் ‘கொட்டிக் கொடுத்தான்’ என்று பேசும்போது எங்கே கொட்டினான் என்றும் கேட்க வேண்டும்.

ஆர்மீனியாவுக்குக் கடல் கிடையாது. கப்பல் கருங்கடலில் ஜார்ஜியாவின் துறைமுகத்துக்குப் போகிறது. ஜார்ஜியாவிலோ உள்நாட்டுச் சண்டை. ரயில் வழியில் சரக்குக் கொள்ளை. தப்பி வந்த கோதுமையை அரைக்க மின்சாரம் வேண்டும், ரொட்டி சுட எரிபொருள் வேண்டும். இரண்டும் வேளாண் துறையின் ஒதுக்கீட்டில் இல்லை.

ஒருங்கிணைப்பாளரின் ஒரு சாதாரண வாரம் இப்படித்தான் இருக்கும். யெரெவான் தூதரகம் மாவு ஆலை நிற்கிறது என்கிறது. ஜார்ஜியாத் தலைநகர் திபிலிசியின் தூதரகம் ரயிலுக்குக் காவல் கிடைக்காது என்கிறது. எரிபொருளுக்கு ஐரோப்பியர்கள் பணம் தருவார்களா என்று கேட்க வேண்டும். கப்பலைப் பத்து நாள் தள்ளிப்போட முடியுமா என்று வேளாண் துறையைக் கெஞ்ச வேண்டும். கோதுமை முன்னால் வந்து எரிபொருள் பின்னால் வந்தால் மூட்டை கிடங்கில் கெட்டுப்போகும். மாறி வந்தால் எரிபொருள் காணாமல் போகும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்து இறங்கினால் அது பெரிய சாதனை, ஆனால் எந்தச் செய்தித்தாளிலும் வராது. மெட்சமோர் 1995-ல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆர்மீனியாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சுருக்கமாக: உதவி என்பது சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் வேறொருவர் கையில். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்ப்பவர்தான் ஒருங்கிணைப்பாளர்.

நிபந்தனை

அதே 1992 சட்டத்தில் 907 என்று ஒரு பிரிவு உண்டு. ஆர்மீனியா மீதான முற்றுகையை விலக்கிக்கொள்ளும் வரை அஜர்பைஜான் அரசுக்கு அமெரிக்க உதவி நேரடியாகப் போகக் கூடாது என்றது அது. அமெரிக்காவில் வாழும் ஆர்மீனியர்கள் நாடாளுமன்றத்தில் செல்வாக்கானவர்கள். அஜர்பைஜானிலும் போரால் வீடிழந்த அகதிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு அரசைத் தொடாமல் தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க முடிந்தது. 12 நாடுகளுக்கும் பொதுவாகத் திட்டம் போடவேண்டிய ஒருங்கிணைப்பாளருக்கு, ஒரு நாட்டின் கதவைச் சட்டமே பாதி சாத்திவிட்டது. 2002 முதல் ஆண்டுதோறும் அதிபர்கள் விலக்கு அளிக்கத் தொடங்கினார்கள்.

நிபந்தனை எவ்வளவு கொடுமையாகப் போகலாம் என்பதற்கு 1974 வங்கதேசம். விடுதலை பெற்று மூன்றே வருடம், ஊரெல்லாம் பஞ்சம். வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்கு இந்தத் தானிய உதவி கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். கப்பல்கள் தாமதமாயின. சாக்கு விற்பனையை நிறுத்திய பிறகுதான் தானியம் நகர்ந்தது. அதற்குள் பஞ்சம் தன் வேலையைக் காட்டிவிட்டது.

பர்மா ‘வேண்டாம்’ என்ற கதை

செட்டிநாட்டில் பர்மா என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொந்தக் கதை. தேக்குத் தூணைத் தடவிக்கொண்டே ஆச்சிமார் சொல்லும் கதை. 1930-களின் பெருமந்தத்தில், அங்கே வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார்களிடம் கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு நம்மவர் பெயருக்கு வந்து சேர்ந்ததும், 1948-ல் விடுதலை பெற்ற பர்மா அதே வருடம் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்ததும் இங்கே தெரியாதவர் குறைவு. அதே புது பர்மா உதவி விஷயத்தில் என்ன செய்தது என்பது அவ்வளவாகத் தெரியாது.

சீனாவில் மாவோ வென்றதும், அவரிடம் தோற்ற தேசியவாதக் கட்சியான கோமிண்டாங்கின் படையில் ஒரு பிரிவு பர்மாவின் ஷான் மலைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் படைக்கு அமெரிக்க உளவுத்துறை ரகசியமாக ஆயுதம் கொடுத்தது. இன்னொரு பக்கம் அமெரிக்க உதவித் திட்டமும் ரங்கூனில் நடந்துகொண்டிருந்தது. ரகசிய வேலை பற்றி ரங்கூனில் இருந்த அமெரிக்கத் தூதருக்கே முதலில் சொல்லவில்லை. 1953 மார்ச்சில் பர்மா அரசு சொல்லிவிட்டது: உங்கள் உதவித் திட்டத்தை ஜூனோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கை வறண்ட ஒரு புது நாடு, வந்த உதவியைத் திருப்பி அனுப்பியது. நம் குடும்பங்களுக்கு பர்மா மேல் ஆயிரம் வருத்தம் இருக்கலாம். இந்த ஒரு காரியத்தில் அவர்கள் செய்தது சரி என்பதே என் எண்ணம். கொடுக்கும் அரசின் வலக்கையும் இடக்கையும் ஒன்றையொன்று அறியாமல் வேலை செய்தால், பள்ளமாவது வாங்குபவரின் நம்பிக்கை. அதை அடைக்கும் ஒதுக்கீடு எந்தத் துறையிலும் கிடையாது.

சரி, அந்தக் காசோலை?

தூதர் காசோலை நீட்டும் படம் அடியோடு பொய் என்று சொன்னால் வரலாறு தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். 1974 பிப்ரவரியில் டெல்லியில் அமெரிக்கத் தூதர் டேனியல் மொய்னிஹான் இந்திய அரசிடம் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். உலகச் சாதனைப் புத்தகத்தில் ஏறிய தொகை.

ஆனால் அது யாருடைய பணம்? 1950-களின் நடுவிலிருந்து ‘பி.எல். 480’ சட்டத்தின்கீழ் இந்தியா அமெரிக்கக் கோதுமையை ரூபாய்க்கே வாங்கியது. அந்த ரூபாய் அமெரிக்கா போகவில்லை. இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இப்படி உதவிப் பொருளுக்கு ஈடாக உள்நாட்டுப் பணத்தில் சேரும் தொகையை ஈடு நிதி என்பார்கள். வெளியே எடுத்துப் போகவும் முடியாது, இங்கே முழுவதும் செலவழித்தால் விலைவாசி தாங்காது. பேரேட்டில் தொகை மட்டும் வருடா வருடம் வீங்கியது. மொய்னிஹான் பேசிப் பேசி, அதில் பெரும்பங்கைத் தள்ளுபடி செய்ய வாஷிங்டனைச் சம்மதிக்க வைத்தார். அந்தக் காசோலை நம் பணத்தை நமக்கே திருப்பி எழுதிய வரவு. ஐந்தொகை (வரவு, பற்று இருப்புக் கணக்கு) பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நோட்டுக்குள் வராதது

ஒருங்கிணைப்பு என்று ஆள் போட்டும் தவறியது உண்டு. ரஷ்யாவின் பங்குச் சந்தைச் சட்டங்களுக்கும் தனியார்மயத்துக்கும் ஆலோசனை சொல்ல, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு வளர்ச்சி நிறுவனத்துக்கு யூஎஸ்எய்ட் பணம் கொடுத்தது. வெளியுறவு முக்கியத்துவத்தைக் காரணம் காட்டி, போட்டி டெண்டர் இல்லாமலே அதில் பெரும்பகுதி போனது. ஆலோசனை சொல்லப் போனவர்கள் தரப்பிலேயே ரஷ்யாவில் சொந்த முதலீடு செய்திருப்பது தெரியவந்து, 1997-ல் யூஎஸ்எய்ட் திட்டத்தை நிறுத்தியது. வழக்கு நடந்து, 2005-ல் 2.65 கோடி டாலர் கட்ட ஹார்வர்டு ஒப்புக்கொண்டது.

‘அவசரம்’, ‘முக்கியம்’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் டெண்டரைத் தள்ளிவைக்கும் பழக்கம் வாஷிங்டனுக்கு மட்டும் உரியதில்லை என்பது நமக்குத் தெரியும்.

நம் நாடு எந்தப் பக்கம்?

இந்தியா இன்று இரண்டு பக்கமும் இருக்கிறது. 1964-ல் தொடங்கிய ‘ஐடெக்’ திட்டத்தில் மற்ற வளரும் நாட்டு அதிகாரிகளை இங்கே அழைத்துப் பயிற்சி கொடுக்கிறோம். மேலே சொன்ன மத்திய ஆசிய நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். 2012-ல் வெளியுறவு அமைச்சகத்துக்குள் வளர்ச்சிக் கூட்டாண்மைக்குத் தனிப் பிரிவு வந்தது. முன்பு பல அமைச்சகங்களில் சிதறிக் கிடந்த வெளிநாட்டு உதவி வேலைகளுக்கு ஒரே மேசை வேண்டும் என்ற நினைப்பில் வந்த பிரிவு அது.

நமக்கு மிகப் பக்கத்து உதாரணம் இலங்கையில் 50,000 வீடுகள் கட்டிய இந்திய வீட்டுத் திட்டம். இதில் சேர்ந்த, போரில் வீடிழந்த வடக்கு, கிழக்குக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு, தாங்களே கட்டிக்கொள்ள வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் என்று, அவரவர் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் போட்டார்கள். கட்டிய அளவைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த தவணை. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் களத்தில் வேலையைப் பார்த்தன. ஓடு கிடைக்கவில்லை, மணல் கிடைக்கவில்லை, பட்டியலில் பெயர் விட்டுப்போனது என்ற புகார்கள் கொழும்பு இந்தியத் தூதரகம் வரைக்கும் போயிருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், யாரிடம் கோபமாகப் பேசலாம், யாரிடம் பேசக் கூடாது என்று தெரிந்த ஓர் அதிகாரி அங்கே உட்கார்ந்திருந்தாக வேண்டும்.

இந்த வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வழி குடிமைப் பணித் தேர்வில் இந்திய வெளியுறவுப் பணியைத் தேர்ந்தெடுப்பதுதான். சேர்ந்ததும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும். கணக்குப் பதிவு பாடத்திட்டத்தில் பெரிதாக இருக்காது. அதை வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.